புது மூட்டை பிரித்த வாரம்

சோப்பு செய்வதிலிருந்து நான் ரிடயர் ஆகி ஒரு வருஷம் முடிந்துவிட்டது. வயது இருபத்தேழு. சிரித்துவிட்டு மேலே படியுங்கள், பரவாயில்லை. சித்தூர், திருப்பதிப் பக்கம் வீட்டிலேயே சோப்பு செய்கிறவர்கள் என்று இந்த வாட்ஸ்அப் குழுவில் இப்போது நாற்பது பேருக்கு மேல் இருக்கிறீர்கள். நான் ஆரம்பித்தபோது குழு என்றால் ஹேமாவும் நானும்தான். மூன்று வருஷ அனுபவத்தை வைத்துக்கொண்டு பெரிய மனுஷி மாதிரி பேசலாம் என்று நீங்களேதான் முடிவு செய்து, "அக்கா, ஏதாவது எழுதுங்க" என்று விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தீர்கள்.

எழுதுகிறேன். எந்த எண்ணெய்க்கு எவ்வளவு காரம், எத்தனை நாள் காய வேண்டும் என்பதெல்லாம் இதில் கிடைக்காது. அதற்குக் கணக்குப் போடும் ஆப் இருக்கிறது, ஆயிரம் வீடியோ இருக்கிறது. நானும் அப்படித்தான் கற்றுக்கொண்டேன். வீடியோவில் வருகிறவர்கள் யாரும் சொல்லாத ஒன்றை மட்டும் சொல்கிறேன்.

இந்த வேலை உங்களைத் தனியாக்கிவிடும். காஸ்டிக் சோடா என்கிற காரத்தைத் தண்ணீரில் போடும்போது ஜன்னல் திறந்திருக்க வேண்டும், கதவு சாத்தியிருக்க வேண்டும், பக்கத்தில் ஆள் இருக்கக் கூடாது. குழந்தைகள் வரக் கூடாது, பூனை வரக் கூடாது. கண்ணுக்குக் கண்ணாடி, கைக்கு உறை. உள்ளே நீங்களும் ஆவியும். வார்த்து முடித்தால் ஒரு மாதத்துக்கு மேல் காய வேண்டும். அந்த ஒரு மாதமும் சோப்பைத் திருப்பித் திருப்பி வைப்பதைத் தவிர உங்களுக்கு வேலை இல்லை. ஆனால் வேலை முடியவும் இல்லை. கூடப் படித்தவர்கள் பெங்களூரிலிருந்து படம் அனுப்புவார்கள், நீங்கள் அலமாரியைப் படமெடுத்து அனுப்புவீர்கள். முதல் தடவை இதயம் போடுவார்கள். நாலாம் தடவை பார்த்ததற்கான நீல டிக் மட்டும் வரும்.

அதனால் கூட ஒரு ஆள் இருந்தால் விட்டுவிடாதீர்கள். நான் எப்படி விட்டேன் என்பதுதான் கதை.

ஹேமாவும் நானும் திருப்பதியில் ஒரே ஹாஸ்டல், ஒரே கெமிஸ்ட்ரி வகுப்பு. அவள் நகரிக்காரி, அப்பாவை நைனா என்பாள், அவர் விசைத்தறி வைத்திருக்கிறார். எங்கள் ஊர் வேலூர் பார்டரை ஒட்டின கிராமம். எங்கள் வீட்டில் டிகிரி வரை போன முதல் ஆள் நான். படிப்பு முடிந்ததும் சித்தூரில் மாடியில் இரண்டு அறை வாடகைக்குப் பிடித்தோம். மார்க்கெட் தெருவில் கிடைப்பதை வைத்தே சோப்பு செய்வது என்று வைராக்கியம். செக்கில் தேங்காயெண்ணெய், மளிகைக் கடையில் கடலையெண்ணெய், நாட்டு மருந்துக் கடையில் விளக்கெண்ணெயும் கஸ்தூரி மஞ்சளும், ஹார்ட்வேர் கடையில் காஸ்டிக் சோடா. ஆன்லைனில் ஒரு டப்பா வாங்குவதில்லை.

முதல் வாரமே அதே மார்க்கெட்டில் வாங்கின புது அலுமினியக் குண்டானில் காரத்தைக் கரைத்தேன். அலுமினியத்தோடு காரம் சேர்ந்தால் என்ன ஆகும் என்று பரீட்சையில் இரண்டு மார்க்குக்குச் சமன்பாடு எழுதி, இரண்டு மார்க்கும் வாங்கியவள் நான். குண்டான் கொதித்துக் கறுத்துப் பொங்கியதைத் துணி சுற்றிப் பிடித்துக்கொண்டு மொட்டை மாடிக்கு ஓடினேன். கீழே துணி உலர்த்திக்கொண்டிருந்த வீட்டுக்கார அம்மா நிமிர்ந்து பார்த்தார்.

"இன்னாமா, சாம்பார் பொங்கிடிச்சா?"

"ஆமாங்க."

"அடுப்ப சின்னதா வெச்சிக்கினு பண்ணுங்க. படிச்ச பொண்ணுங்களுக்கு இதெல்லாமா சொல்லித் தரணும்."

ஹேமா அறைக்குள் விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்து முடித்ததும் ஒரு நோட்டை எடுத்து முதல் பக்கத்தில் எழுதினாள்: அலுமினியம் கூடாது. எஃகு அல்லது கெட்டி பிளாஸ்டிக். அடியில் தேதி, நேரம், எவ்வளவு காரம், எவ்வளவு தண்ணீர். அவள் அப்படி. நான் அந்த நேரத்தில் அடுத்த சோப்புக்கு வேப்பெண்ணெய் போடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். நான் இப்படி.

எனக்கு எல்லாம் தலைக்குள் இருக்கும். வேகமாக வரும், கை அதை விட வேகமாகச் செய்துவிடும். ஒரு தடவை விளக்கெண்ணெய் அளவை மாற்றிவிட்டு அவளிடம் சொல்லவில்லை. அந்த அச்சுப் பெட்டி சோப்பு முழுக்கக் களிமண் மாதிரி கிடந்தது. எங்கே தவறியது என்று மூன்று நாள் அவள் நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தாள். மூன்றாம் நாள்தான் எனக்கே ஞாபகம் வந்தது.

"உன் தலைக்குள்ள இருக்கறத நான் எப்டிடீ படிக்கறது?" என்றாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் எளிது. "தடா பக்கத்துல ஒரு கம்பெனில இன்டர்வியூ முடிச்சிட்டேன். ஆர்டரே வந்துடுச்சு. உனக்காகத்தான் தள்ளிப் போட்டுக்கினு இருக்கேன். இன்னொரு தடவ நீ சொல்லாம எதையாவது மாத்தினா நான் பெட்டியக் கட்டிடுவேன்."

"மாத்த மாட்டேன்."

"நோட்ல எழுது."

"எதை?"

"மாத்த மாட்டேன்னு."

எழுதினேன். இரண்டு பேரும் சிரித்தோம். ஆனால் அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்பது எனக்குத் தெரியும். தடா கம்பெனியில் ஒன்றாம் தேதி சேரலாம், இல்லை அடுத்த ஒன்றாம் தேதி சேரலாம் என்று அந்த ஆர்டர் கதவருகே செருப்பு மாதிரி எப்போதும் கிடந்தது.

இப்போது காஸ்டிக் சோடா விஷயம். ஹார்ட்வேர் கடையில் அது மூட்டையாக வரும். சாக்கடை அடைப்புக்குக் கேட்டு வருகிறவர்களுக்குக் கரண்டியால் அள்ளி நிறுத்துக் கொடுப்பார்கள். மூட்டை வாய் திறந்தே கிடக்கும். காரம் காற்றிலிருக்கும் ஈரத்தைக் குடித்துக்கொண்டே இருக்கும். மழை மாதங்களில் அந்தச் செதில்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு பிசுபிசுக்கும். அப்புறம் நூறு கிராம் நிறுத்தால் அதில் காரம் மட்டும் நூறு கிராம் இருக்காது. கொஞ்சம் தண்ணீருக்கும் நாம் எடை போட்டிருப்போம். சோப்பு கட்டியாகாமல் எண்ணெய் பிசுக்கோடு நின்றுவிடும்.

இதை நானே கண்டுபிடித்தேன். பெரிய பெருமை. பத்தில் ஒரு பங்கு கூட்டிப் போட்டுப் பார்த்தேன். சோப்பு கச்சிதமாக வந்தது. காரம் நிறுப்பது என் வேலை, எண்ணெய் நிறுப்பது ஹேமா வேலை என்று பிரித்திருந்தோம். நான் காலையிலேயே காரத்தை மூடி போட்ட டப்பாக்களில் நிறுத்து வைத்துவிடுவேன். நோட்டில் ஆப் சொன்ன எண்ணே இருக்கும். டப்பாவில் பத்தில் ஒரு பங்கு கூட இருக்கும். எழுத வேண்டும் என்று நினைத்தேன். ஒவ்வொரு தடவையும் நினைத்தேன். "மாத்த மாட்டேன்" என்று எழுதின அதே நோட்டில் மாற்றியதை எழுத வெட்கமாக இருந்தது என்பதுதான் உண்மை.

அந்தச் சமயத்தில்தான் திருப்பதி லாட்ஜ் வந்தது. பஸ் ஸ்டாண்டிலிருந்து நடக்கிற தூரத்தில் நடுத்தர லாட்ஜ். அங்கே அறைகளைக் கவனிக்கும் பொறுப்பில் இருந்த அம்மா தெலுங்குக்காரர். எங்களிடம் தமிழில்தான் பேசுவார், பாதி தமிழ். எங்கள் சந்தன சோப்பை முகர்ந்து பார்த்துவிட்டு, சின்னதாக அறுநூறு வேண்டும் என்றார்.

"மேல போயி குண்டு, அதாம்மா மொட்ட, அடிச்சிக்கினு வர்றவங்கம்மா. தல பூரா எரியும். கம்பெனி சோப்பு போட்டா கத்தறாங்க. இது சல்லகா இருக்குமா?"

"குளிர்ச்சியா இருக்கும் மேடம்."

"சின்னப் பாபுங்களுக்கு?"

"போடலாம் மேடம். மஞ்சளும் சந்தனமும்தான்."

"சரி. இந்த அறுநூறு நல்லா போச்சுன்னா மாசாமாசம் நீங்களே குடுங்க."

பஸ்ஸில் திரும்பி வரும்போது ஹேமா ஜன்னலோரம் உட்கார்ந்து விரல் விட்டு ஏதோ கணக்குப் போட்டுக்கொண்டே வந்தாள். காணிப்பாக்கம் திருப்பம் தாண்டினதும் சொன்னாள். "மாசாமாசம்னா நான் தடாவுக்கு எழுதிப் போட்டுடறேன், வரலன்னு."

நான் எதிர் வரிசை ஜன்னலைப் பார்ப்பது போல் திரும்பிக்கொண்டேன். கண் கலங்கினதை அவள் பார்த்தால் கிண்டல் பண்ணுவாள்.

அறுநூறுக்குப் பன்னிரண்டு பெட்டி வார்க்க வேண்டும். மூன்று பெட்டி முடிந்ததும் காரம் தீர்ந்தது. ஹார்ட்வேர் கடைக்குப் போனேன். கடைக்காரர் கத்தியால் ஒரு மூட்டையின் வாயைக் கிழித்துக்கொண்டிருந்தார்.

"நல்ல நேரத்துக்கு வந்தீங்கம்மா. புது மூட்டை. பாருங்க, பொரி மாதிரி இருக்குது."

பொரி மாதிரிதான் இருந்தது. வெள்ளை வெளேரென்று, ஒன்றோடொன்று ஒட்டாமல், அள்ளினால் கலகலவென்று. சந்தோஷமாக வாங்கி வந்தேன். ஹேமாவிடம் காட்டக்கூடக் காட்டினேன். "பாரு, இந்தத் தடவ சரக்கு சூப்பர்." அப்புறம் உட்கார்ந்து, ஒன்பது டப்பாக்களில், வழக்கம் போலப் பத்தில் ஒரு பங்கு கூட்டி நிறுத்து வைத்தேன்.

காரணம் கேட்காதீர்கள். எதற்காகக் கூட்டினேன் என்பது எனக்கே மறந்து, கூட்டுவது மட்டும் கையில் நின்றுவிட்டது. ஒரு திருத்தத்தை எழுதி வைக்காவிட்டால் அது எதற்காக வந்தது என்பது போய்விடும். திருத்தம் மட்டும் போகாது.

அந்த வாரம் எங்கள் தராசும் தகராறு செய்தது. பேட்டரி தீர்கிற நிலை. எண் மின்னி மின்னி மறையும். ஹேமா எண்ணெயை இரண்டு இரண்டு தடவை நிறுத்தாள். "இது சரியா காட்டுதாடீ?" என்று கேட்டாள். "காட்டும் காட்டும், ஊத்து" என்றேன்.

வெட்டும்போது ஓரம் உதிர்ந்தது. சந்தனத் தூள் அதிகம் என்று இரண்டு பேரும் பேசிக்கொண்டோம்.

ஐந்தாவது வாரம். சனிக்கிழமை திருப்பதியில் கொடுக்க வேண்டும், அன்று செவ்வாய். அத்தை மகளுக்குச் சீமந்தம் என்று ஹேமா நகரிக்குப் போயிருந்தாள். நான் மட்டும் உட்கார்ந்து தாள் சுற்றிக்கொண்டிருந்தேன். தாள் வெட்டிய கத்தி விரலில் பட்டு லேசாகக் கீறியது. குழாயடியில் போய், கையிலிருந்த சோப்பாலேயே கழுவினேன். நெருப்பு வைத்த மாதிரி எரிந்தது.

சோப்பை நுனி நாக்கில் வைத்தேன். பேட்டரியை நக்கின மாதிரி சுரீரென்று இழுத்தது. எண்ணெயோடு சேராத காரம் சோப்புக்குள் மிச்சமிருந்தால்தான் அப்படி இருக்கும். காய்ந்தால் போகிற காரம் இல்லை இது.

பன்னிரண்டு பெட்டியிலும் ஒவ்வொன்று எடுத்து நாக்கில் வைத்தேன். முதல் மூன்று சுகம். அடுத்த ஒன்பதும் சுரீர். நாக்கு மரத்துப்போகிற வரை திரும்பத் திரும்ப வைத்துப் பார்த்தேன், ஏதாவது ஒரு பெட்டியாவது மாறுமா என்று. மாறவில்லை. மூன்றுக்கும் ஒன்பதுக்கும் நடுவில் என்ன நடந்தது என்று யோசிக்கவே தேவை இல்லை. பொரி மாதிரி கலகலத்த சத்தம் காதிலேயே இருந்தது.

இங்கேதான் நீங்கள் கவனிக்க வேண்டும். அந்த அறையில் நான் ஒருத்திதான். நானூற்றைம்பது சோப்பு. பார்க்க அழகாக இருக்கிறது, மணக்கிறது. கொடுத்துவிட்டால் பாதிப் பேர் கைதான் கழுவுவார்கள். எரிந்தால்கூட மழித்த தலை எரியத்தான் செய்யும் என்று நினைத்துக்கொள்வார்கள். இதெல்லாம் என் மனசில் ஓடியது, ஓடவில்லை என்று சொல்ல மாட்டேன். அப்புறம் கத்தி பட்ட மொட்டைத் தலையோடு அம்மா தோளில் தூங்குகிற ஒரு குழந்தை ஞாபகத்துக்கு வந்தது. யாருடைய குழந்தையும் இல்லை. திருப்பதி பஸ்ஸில் தினமும் பார்க்கிற குழந்தைதான். அடுத்த பஸ்ஸில் கிளம்பிவிட்டேன்.

லாட்ஜ் அம்மாவிடம் நேராகச் சொன்னேன். "மேடம், நூத்தம்பதுதான் நல்லா இருக்கு. மிச்சத்துல காரம் கூடிடுச்சு. தலையில போட்டா புண்ணாயிடும். தர மாட்டேன்."

"ஏம்மா, எவ்ளோ கஷ்டப்பட்டுப் பண்ணியிருப்பீங்க."

"ஆமா மேடம்."

"நெஜம் சொன்ன. எத்தனை பேரு சொல்வாங்க? நூத்தம்பதும் கொண்டா. மேனேஜருக்கு நான் சொல்றேன். ஆனா அவரு என்ன சொல்வாரோ தெரியாது."

மேனேஜர் அடுத்த வாரமே ஒரு கம்பெனியோடு பேசி முடித்துவிட்டார் என்பது வேறு விஷயம். திரும்பி வருகிற பஸ்ஸில் எனக்கு நெஞ்சு நிமிர்ந்திருந்தது. உண்மையைச் சொல்லிவிட்டேன், பெரிய மனுஷியாகிவிட்டேன் என்று. இந்த மாதிரிக் கட்டுரைகள் இந்த இடத்தில் முடிந்துவிடும். 'வாடிக்கையாளரிடம் நேர்மையாக இருங்கள்' என்று ஒரு வரி எழுதி முடிக்கலாம்.

மறுநாள் காலையில் ஹேமா வந்தாள். கையில் சீமந்தப் பலகாரம். அலமாரியைப் பார்த்தாள், ஒன்பது பெட்டியும் தரையில் இருந்ததைப் பார்த்தாள்.

"இன்னா ஆச்சு?"

"காரம் மிஞ்சிடுச்சு. ஒம்பதும்."

அவள் பலகாரத்தை ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டு நோட்டை எடுத்தாள். விரலை வைத்து வரி வரியாகப் போனாள். காரத்தின் எண்ணைப் பார்த்தாள், ஆப்பைத் திறந்து ஒப்பிட்டாள், சரியாக இருந்தது. சரியாகத்தானே இருக்கும், நோட்டில். காரம் சரி என்றால் எண்ணெய்தான் குறைந்திருக்க வேண்டும். எண்ணெய் நிறுத்தது அவள்.

தராசை எடுத்தாள். பேட்டரியைக் கழற்றினாள், மாட்டினாள். தண்ணீரை வைத்து நிறுத்தாள். புது பேட்டரி போட்டு அதே தண்ணீரை நிறுத்தாள்.

"அன்னிக்கு மின்னிக்கினு இருந்துச்சு இல்ல? நான்தான் கம்மியா ஊத்திட்டேனா?"

நான் அவள் எதிரில்தான் உட்கார்ந்திருந்தேன். ஒரு முழங்கை தூரம். "இல்ல, நான்" என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? சொன்னால் அவள் பெட்டியைக் கட்டிவிடுவாள். நோட்டில் எழுதிக்கூடக் கொடுத்திருக்கிறேன். லாட்ஜ் அம்மாவிடம் சொல்லும்போது நான் இழக்க இருந்தது ஓர் ஆர்டர். இது ஹேமா.

"இருக்கலாம்" என்றேன்.

அவ்வளவுதான். பொய்கூட இல்லை என்று அன்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அவள் போகாமல் இருப்பதற்காகச் சொன்னது. ஆனால் அவள் நான்கே நாளில் போனாள். கோபித்துக்கொண்டு போனால் ஒரு நாள் திரும்பலாம். அவள் குற்றவாளி மாதிரி போனாள். "உன் ஆர்டரைக் கெடுத்துட்டேன்டீ. நான் இருந்தா இன்னும் கெடுப்பேன். நீ தனியாவே நல்லா பண்ணுவ" என்றாள். நோட்டை மேஜை மேல் நேராக வைத்துவிட்டுப் போனாள். பஸ் ஸ்டாண்டு வரை நான் பையைத் தூக்கிக்கொண்டு கூடப் போனேன். அந்தப் பத்து நிமிஷ நடையிலும் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் நைனா படியேறி வந்தார். நான் முன்னே ஒரே தடவைதான் அவரைப் பார்த்திருக்கிறேன். நகரியிலிருந்து சித்தூர் வரை பஸ்ஸில் வந்திருக்கிறார். சட்டைக் கையில் பஞ்சுத் தூசி.

"பாப்பா, எங்க பொண்ணு தப்பு பண்ணிட்டா. வீட்ல வந்து அழுதுக்கினே இருந்தா. உனக்கு எவ்ளோ நஷ்டமோ. எதுவும் மனசுல வெச்சிக்காத."

"பரவால்ல அங்கிள்" என்றேன்.

இதைத்தான் நான் யாரிடமும் சொன்னதில்லை. வயதில் பெரியவர் ஒருவர் என் தப்புக்காக என்னிடமே மன்னிப்புக் கேட்டார். நான் அதை வாங்கிக்கொண்டேன். காப்பிகூடப் போட்டுக் கொடுத்தேன். அவர் குடித்துவிட்டு, டம்ளரைத் தானே கழுவி வைத்துவிட்டுப் போனார்.

அதற்கப்புறம் ஒரு வருஷம் தனியாகச் செய்தேன். சோப்பு நன்றாகத்தான் வந்தது, தப்பே வரவில்லை. இரண்டு அறையும் பெரிதாகிக்கொண்டே போனது. காரம் கரைக்கும்போது கதவைச் சாத்துவதற்கு அர்த்தமே இல்லை, வெளியே அனுப்ப ஆள் வேண்டுமே, ஆனாலும் சாத்துவேன். சில நாள் சாயங்காலம் வரைக்கும் நான் பேசியது மொத்தமும் செக்குக்காரரிடம் "ரெண்டு லிட்டர்" என்பது மட்டுமாக இருக்கும். சோப்பைத் திருப்பி வைக்கும்போது எண்ணை உரக்கச் சொல்லுவேன், தொண்டை ஒட்டிக்கொள்ளாமல் இருக்க. ஒரு நாள் வீட்டுக்கார அம்மா மேலே வந்து, "யாரோட பேசிக்கினு இருக்கீங்க?" என்று எட்டிப் பார்த்தார். அந்த வாரமே அச்சுப் பெட்டிகளை விற்றுவிட்டேன். இப்போது சித்தூரிலேயே மாம்பழக் கூழ் கம்பெனி ஒன்றின் பரிசோதனை அறையில் இருக்கிறேன். சீசனில் பேச நேரம் இருக்காது. சீசன் இல்லாதபோது பேச ஆள் இருக்காது.

ஹேமா தடாவில் மெஷின் ஓட்டுகிற பிரிவில் இருந்தாள். பண்டிகைக்குப் பண்டிகை மெசேஜ் வரும், போகும். போன மாதம் ஒன்று வந்தது: "லேப்ல போடறேன்னாங்க டீ. சாம்பிள் நிறுக்கற வேலை. வேணாம்னுட்டேன். நமக்குத் தராசு ஒத்து வராது. நைனாகிட்ட கேட்டேன், எதுக்கும்மா வம்புன்னு அவரும் சொல்லிட்டாரு." கடைசியில் ஒரு சிரிக்கிற முகம்.

அந்தச் சிரிக்கிற முகத்தை நான் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். வகுப்பிலேயே சுத்தமாக நிறுப்பவள் அவள்தான். மூன்றாம் தசமம் வரை தப்பாது.

ஞாயிற்றுக்கிழமை மூன்று பஸ் மாறித் தடா போனேன். ஹைவே ஓரத்தில் லாரிகள் நிற்கிற ஓர் ஓட்டலுக்கு யூனிபாரத்தோடு வந்தாள், கழுத்தில் அடையாள அட்டை. இளைத்திருந்தாள். பரோட்டா சொன்னோம். வந்ததும் நான் ஆரம்பித்துவிட்டேன். தள்ளினால் அடுத்த பண்டிகை வந்துவிடும் என்று பயம்.

"அந்த ஒம்பது பெட்டி நீ கெடுக்கல."

"எந்த ஒம்பது?"

"லாட்ஜ் சோப்பு. பழைய மூட்டை நமுத்துப்போச்சுன்னு காஸ்டிக்க பத்துல ஒரு பங்கு கூட போட்டுக்கினு இருந்தேன். நோட்ல எழுதல. புது மூட்டை வந்தப்பவும் கூடவே போட்டுட்டேன்."

அவள் பரோட்டாவைப் பிய்ப்பதை நிறுத்தவில்லை. துண்டு துண்டாகப் பிய்த்தாள், வாயில் வைக்கவில்லை.

"எப்ப தெரிஞ்சுது உனக்கு?"

"அன்னிக்கே."

"அன்னிக்கேன்னா?"

"நீ நகரிலேந்து வர்றதுக்கு முன்னாடியே."

"நான் பேட்டரிய மாத்தி மாத்திப் பாத்துக்கினு இருந்தேனே. நீ எதிர்ல தானே உக்காந்துக்கினு இருந்த."

"ஆமா."

"இருக்கலாம்னு சொன்ன."

"ஆமா."

ஓட்டல்காரர் குருமா ஊற்ற வந்தார். வேண்டாம் என்று கையால் மறித்தாள். "எங்க வீட்ல காப்பிக்கு சக்கர போட உடமாட்டாங்க தெரியுமா என்னை. ஹேமா போட்டா அளவு தப்பிடும்பாங்க. விளையாட்டுக்குத்தான். நானும் சிரிப்பேன். ரெண்டு வருஷமா சிரிச்சிக்கினு இருக்கேன்."

மன்னித்துவிடு என்ற ஒரு வார்த்தையைத் தயாராக வைத்திருந்தேன், பஸ்ஸில் மூன்று மணி நேரம் சொல்லிச் சொல்லிப் பார்த்தது. அது வாய்க்கு வரவில்லை. வந்திருந்தாலும் அவளுக்கு உதவியிருக்காது.

"நீ போவேன்னு பயந்துதான்" என்றேன்.

"போயிருப்பேன்" என்றாள். "ஆனா என்னை எனக்கே புடிக்காமப் போயிருக்காது."

ஷிப்டு பஸ் வந்து நின்றது. எழுந்தாள். இரண்டடி போய்த் திரும்பினாள். "எனக்குச் சொல்லிட்ட. நைனாவுக்கு?"

"நீ..."

"நான் சொல்ல மாட்டேன். நான் சொன்னா என்னக் காப்பாத்திக்கப் பேசறேன்னு நெனப்பாரு. உன்கிட்டதான் வந்து மன்னிப்புக் கேட்டுட்டுப் போனாரு. நீ போயி சொல்லு."

அடுத்த வாரம் லீவு போட்டு நகரிக்குப் போனேன். நகரியில் தறி ஓடுகிற தெருவுக்குள் நுழைந்தால் நம் யோசனையே நமக்குக் கேட்காது. வீட்டுக்கு வீடு சத்தம். வழியில் நான் தயார் செய்து வைத்திருந்ததெல்லாம் மெதுவாக, தலை குனிந்து சொல்கிற வாக்கியங்கள். ஷெட்டில் அவர் இரண்டு தறிக்கு நடுவில் நின்று அறுந்த இழையை முடிந்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. உட்காரச் சொல்லிக் கை காட்டினார்.

"அங்கிள், ஹேமா தப்பு பண்ணல" என்றேன்.

காதில் கை வைத்துக் காட்டினார், கேட்கவில்லை என்று.

கத்தினேன். "தப்பு ஹேமாவோடது இல்ல. என்னோடது. நான் தெரிஞ்சே சொல்லல."

எதிர் வீட்டு வாசலில் நூல் சுற்றிக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் தலை தூக்கினார்கள். அவருக்குப் பாதிதான் கேட்டிருக்கும். கையை நீட்டி ஒரு தறியை நிறுத்தினார், அப்புறம் இன்னொன்றை. பக்கத்து ஷெட்டுகளில் ஓடிக்கொண்டுதான் இருந்தன.

"இப்ப சொல்லு பாப்பா. மொதல்லேந்து சொல்லு."

மூட்டையிலிருந்து ஆரம்பித்து எல்லாம் சொன்னேன். அவர் வந்து காப்பி குடித்த நாள் வரை. முடிந்ததும் துண்டால் கையைத் துடைத்தார். பையிலிருந்து போனை எடுத்து, திரையில் ஒட்டியிருந்த பஞ்சை ஊதிவிட்டு, கண்ணருகே வைத்து எண்ணைத் தேடி அழுத்தினார்.

"துன்னியாம்மா?" என்றார். அந்தப் பக்கம் ஏதோ சொன்னாள். "இன்னா ஷிப்டு இன்னிக்கி?" கேட்டுக்கொண்டார். "அந்த நிறுக்கற வேலை இன்னும் இருக்குதா? போயி கேளு. நைனா சொன்னது தப்புன்னு வெச்சிக்க. நீ போயி கேளு."

நான் அங்கே நிற்பதாக அவளிடம் சொல்லவில்லை. போனைப் பையில் வைத்தார். என்னைப் பார்த்து உட்கார் என்றோ போ என்றோ ஒன்றும் சொல்லாமல் தறி பக்கம் திரும்பி, முதலில் ஒன்றைப் போட்டார், அப்புறம் மற்றொன்றையும்.

வரேன் அங்கிள் என்றேன். எனக்கே கேட்கவில்லை.